தபாலில் வைத்தியம்

பெரிய ஆஸ்பத்திரி விடுதி,
கோலாலம்பூர்.
12-2-1978

அன்புள்ள குணவதிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீயும் திலகமும் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கட்டில் ஒன்று, மேசை ஒன்று, கொசு ஏராளம். பயிற்சிக்கு வந்திருக்கும் பதினான்கு பேரில் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸர் நான் ஒருவன்தான். ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டால், நம் தோட்ட ஆஸ்பத்திரிக்கு நான்தான் பெரிய டிரெஸர். தோட்டத்துத் துரையே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்.

மீன் தொட்டியைப் பற்றிக் கேள். காலையில் ஒரு சிட்டிகை தீனி, மாலையில் ஒரு சிட்டிகை. பாவம் பார்த்து அள்ளிப் போடாதே. நாலு ஏஞ்சலும் ஆறு வாள்வாலும் கணக்காக விட்டுவிட்டு வந்திருக்கிறேன். கண்ணாடியைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவு. மற்றபடி நீ ஒன்றும் யோசிக்க வேண்டாம். ஏதாவது நோய் மாதிரி தெரிந்தால், கண்ணில் பட்டதை அப்படியே எழுது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் எழுதி வைப்பாளே, அப்படி. நோய் என்ன, மருந்து என்ன என்பதை நான் இங்கிருந்தே எழுதிவிடுகிறேன். இருபது வருஷமாக மனுஷனைப் பார்ப்பவனுக்கு மீன் எந்த மூலைக்கு?

திலகத்தின் வாய்ப்பாட்டைத் தினமும் கேள்.

உன்
திருச்செல்வம்


டிரெஸர் வீடு, தேயிலைத் தோட்டம்,
பிரிஞ்சாங்.
20-2-1978

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. இங்கே ஒரு வாரமாக வெயிலே இல்லை. துணி காயவில்லை, திலகம் எட்டாம் வாய்ப்பாட்டில் முட்டிக்கொண்டு நிற்கிறாள்.

நீங்கள் சொன்னபடி நர்ஸ் வேலை பார்த்தேன். பெரிய ஏஞ்சலின் வாலிலும் வயிற்றிலும் வெள்ளைப் புள்ளிகள், உப்புக்கல் தூவினது போல. முந்தாநாள் மூன்று இருந்தது. இன்று எண்ண முடியவில்லை. சிரங்கு பிடித்தவன் சுவரில் முதுகைத் தேய்ப்பானே, அப்படிப் போய்ப் போய்க் கல்லில் உரசுகிறது. சின்ன ஏஞ்சல்களில் இரண்டுக்கும் இப்போது தொடங்கியிருக்கிறது. இரவு பத்து மணிக்குத் தோட்டத்து மின்சார எஞ்சினை நிறுத்தியதும் தொட்டிச் சூடேற்றியும் நின்றுபோகிறது. காலையில் கையை விட்டால் தண்ணீர் ஆற்றுத் தண்ணீர் மாதிரி சில்லிடுகிறது. இதையும் எழுத வேண்டுமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து, பதில் எனக்கு வர ஏழெட்டு நாளாகும். நோய் தபால்காரருக்காகக் காத்திருக்குமா? சீக்கிரம் எழுதுங்கள். நீங்கள் இல்லாத வீட்டில் நான் அதிகமாகப் பேசுவது அந்தப் பெரிய ஏஞ்சலிடம்தான். அதுவும் உங்களைப் போலவே பதில் சொல்லாமல் திரும்பிக்கொள்கிறது.

உங்கள்
குணவதி


கோலாலம்பூர்
24-2-1978

அன்புள்ள குணவதிக்கு,

நோய் புரிந்துவிட்டது. இது பூஞ்சணம். ஈரக் காலில் வருமே, அதன் அண்ணன் தம்பிதான். குளிர், எஞ்சின் என்றெல்லாம் நீ குழம்பிக்கொள்ளாதே. நம் ஆஸ்பத்திரியில் புண் கழுவ வைத்திருக்கும் ஊதாப் பொடியை உதவியாளர் கருப்பையாவிடம் கேட்டு வாங்கு. தொட்டித் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதுக் குழாய்த் தண்ணீர் நிரப்பு. அரை டீஸ்பூன் பொடியைக் கரைத்து ஊற்று. மூன்று நாளில் தெளியும்.

இதை யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்காதே. ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்.

உன்
திருச்செல்வம்


பிரிஞ்சாங்
6-3-1978

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

நல்ல சேதி. புள்ளி எல்லாம் உதிர்ந்துவிட்டது. பெரிய ஏஞ்சல் பழையபடி மிடுக்காக நீந்துகிறது. சின்னதுகளும் தேறிவிட்டன. ஒரு வாள்வால் மட்டும் போய்விட்டது. உங்கள் மருந்துக்கும் கைராசிக்கும் குறை இல்லை.

துரையின் பங்களாவில் வேலை பார்க்கும் மாரியம்மா வந்திருந்தபோது தொட்டியைப் பார்த்து, "எப்படிக்கா பொளச்சிச்சு?" என்று வாயைப் பிளந்தார். "எங்க வீட்டு டிரெஸரு தபால்லயே பார்த்துட்டாரு" என்றேன். அவர் வாயில் விழுந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரிதான். இந்நேரம் துரைசாணி காதுக்குப் போயிருக்கும்.

தண்ணீரை எண்பது டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன். மணியம் மாஸ்டர் கொடுத்த தெர்மாமீட்டர் கைகொடுக்கிறது. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? கடிதத்தில் உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை.

உங்கள்
குணவதி


கோலாலம்பூர்
11-3-1978

அன்புள்ள குணவதிக்கு,

உன் கடிதத்தை இங்கே எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். விரிவுரையாளர்கூடச் சிரித்துக்கொண்டே, "திருச்செல்வம், இனிமே மீன் வார்டு உங்களுக்குத்தான்" என்றார். நூற்றைம்பது மைலுக்கு அப்பால் இருக்கும் நோயாளியைக் கடிதத்தை வைத்தே குணமாக்குவது லேசுப்பட்ட காரியமா?

ஒரு சந்தேகம். மணியம் மாஸ்டர் யார்? நான் கிளம்பும்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒருவர் இல்லையே. கல்யாணம் ஆனவரா? என் மேசை இழுப்பறையில் தெர்மாமீட்டர் இருக்கும்போது அவரிடம் ஏன் வாங்கினாய்? அவர் வீட்டுக்கு வந்து கொடுத்தாரா, நீ போய் வாங்கினாயா? தண்ணீருக்கு டிகிரி பார்க்கச் சொல்லி நான் எழுதவே இல்லையே.

சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உன்
திருச்செல்வம்


பிரிஞ்சாங்
19-3-1978

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

சும்மா தெரிந்துகொள்ள இத்தனை கேள்வியா? போலீஸ்காரர் தோற்றார். சொல்கிறேன். உங்கள் தெர்மாமீட்டரைத்தான் முதலில் தொட்டியில் விட்டேன். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் அல்லவா, குளிர்ந்த தண்ணீரில் அதன் பாதரசம் ஏறவே மாட்டேன் என்றது. திலகம்தான், "மாஸ்டர் அலமாரியில நீளமா ஒண்ணு இருக்கும்மா" என்றாள். மணியம் மாஸ்டர் ஜனவரி கடைசியில் மாற்றலாகி வந்தவர். நீங்கள் பயணத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. கல்யாணம் ஆகவில்லை. வயது இருபத்து நாலு, என்னை அக்கா என்கிறார். கேட்டதற்கெல்லாம் பதில் வந்துவிட்டதா?

இனி என் சேதியைக் கேளுங்கள். அத்தான், நம் வீடு இப்போது மீன் ஆஸ்பத்திரி. மாரியம்மாவின் உபயம். திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருக்கும் ராமசாமி ஒரு போத்தலில் ஐந்து மீன் கொண்டுவந்தார். எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மேலே ஒரு புள்ளி, காயம் ஒன்றும் இல்லை. தண்ணீரை மோந்து பார்த்தேன். "தண்ணிய எதுல பிடிச்சு வச்சீங்க?" என்றேன். "பளைய டிரம்முதான்கா, நல்லா களுவிட்டேன் லா." "அதுக்கு முன்னாடி அதுல என்ன இருந்துச்சு?" மனுஷர் மெல்ல ஒப்புக்கொண்டார். பூவுக்கு அடிக்கிற மருந்து இருந்த டிரம். நல்ல தண்ணீரில் மாற்றிவிட்டதும் மூன்று பிழைத்தன.

கோலா தெர்லாவிலிருந்து வேலம்மா காய்கறி லோரியில் ஏறி ஒரு தங்கமீனோடு வந்தார். வயிறு மேலே, முதுகு கீழே. சூனியம் வைத்துவிட்டார்கள் என்று அழுகை. மூன்று வேளையும் பிஸ்கட் போட்டிருக்கிறார்! இரண்டு நாள் பட்டினி போட்டு, பச்சைப் பட்டாணியை வேகவைத்துத் தோலுரித்து ஒரு துணுக்குக் கொடுத்தேன். மூன்றாம் நாள் நிமிர்ந்துவிட்டது. நீங்கள் நோயாளியிடம், "எங்க வலிக்குது?" என்று கேட்கலாம். மீனிடம் கேட்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு நேரத்தில் அதுவே சொல்லிவிடுகிறது. எனக்கு இது இவ்வளவு பிடிக்கும் என்று எனக்கே தெரியாது.

ஒன்று முக்கியம். துரைசாணியின் தொட்டியிலும் வெள்ளைப் புள்ளி வந்திருக்கிறதாம், ஏழு ஏஞ்சலுக்கும். உங்களுக்கு எழுதி மருந்து கேட்கப்போவதாக மாரியம்மா சொன்னார். அவர்கள் எழுதினால், பதில் போடுவதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தயவு செய்து மறக்காதீர்கள்.

உங்கள்
குணவதி


கோலாலம்பூர்
26-3-1978

குணவதிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கையெழுத்து உன்னுடையது. மூளை வேறு யாருடையதோ. டிரம்மில் என்ன இருந்தது என்று கேட்கவும் பட்டாணியைத் தோலுரித்துக் கொடுக்கவும் உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? பதினாலு வருஷம் என்னோடு இருந்தவளுக்குத் தெரியாதது, நான் இல்லாத ஒன்றரை மாதத்தில் எப்படித் தெரிந்தது? நான் பச்சைக் குழந்தை இல்லை. அக்கா என்று கூப்பிடுகிறவன் எல்லாம் தம்பியும் இல்லை.

வகுப்பில் உட்கார்ந்தால் பாடம் ஏறவில்லை. நம் ஹாலில், என் நாற்காலியில், அந்த மாஸ்டர் உட்கார்ந்து தொட்டியைக் காட்டி உனக்குப் பாடம் நடத்துவதுதான் கண்ணுக்குள் நிற்கிறது. நீ ஒவ்வொன்றையும் ரசித்து ரசித்து எழுதியிருக்கிறாய். எனக்கு எழுதும் கடிதத்தில் இப்படி ஒரு குதூகலத்தை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. அதுதான் என்னைச் சுடுகிறது.

அவருக்கு நானே நேராக ஒரு கடிதம் எழுதிவிட்டேன். மரியாதையாகத்தான் எழுதினேன், ஆனால் புரிகிற மாதிரி.

துரைசாணியின் கடிதம் 22-ஆம் தேதியே வந்தது, மறுநாளே பதில் போட்டாயிற்று. நம் மீனுக்குக் கொடுத்த அதே மருந்துதான். உன்னைக் கேட்டு நான் மருந்து எழுத வேண்டும் என்கிற அளவுக்கு நிலைமை வந்துவிட்டதா? தொட்டியை மீனோடு யாருக்காவது விற்றுவிடு. நான் வரும்போது அது ஹாலில் இருக்கக்கூடாது.

திருச்செல்வம்


பிரிஞ்சாங்
3-4-1978

அத்தான் அவர்களுக்கு,

பங்களாவில் இரண்டு ஏஞ்சல் செத்துவிட்டன. உங்கள் சீட்டில் இருந்தபடியே தண்ணீரைக் கொட்டி, குளிர்ந்த தண்ணீர் நிரப்பி, ஊதாப் பொடி போட்டார்களாம். மாரியம்மா சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

நான் சொல்ல வேண்டும் என்று எழுதினேனே, அது இதுதான். உங்கள் மருந்தை நான் நம் தொட்டியில் போடவே இல்லை. சீட்டு வந்த அன்று பொடியைக் கிண்ணத்தில் கரைத்து, நோய் தொடங்கியிருந்த ஒரு வாள்வாலை மட்டும் விட்டுப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் மிதந்துவிட்டது. பிறகு உட்கார்ந்து யோசித்தேன். குளிர் அதிகமான நாட்களில்தான் புள்ளி கூடுகிறது. வெயில் எட்டிப் பார்த்த ஒரு நாள் பெரிய ஏஞ்சல் வெளிச்சம் படும் மூலையை விட்டு நகரவே இல்லை. அதற்கு என்ன வேண்டும் என்று அதுவே காட்டியது. போத்தல்களில் சுடுதண்ணீர் அடைத்துத் தொட்டிக்குள் நிறுத்தி, சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கல் உப்புப் போட்டேன். ஆறு நாளாயிற்று.

உங்கள் மருந்துதான் பலித்தது என்று எழுதினேன். நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று எழுதினேன். தூரத்தில் தனியாக இருக்கிறீர்களே என்று எழுதினேன். அந்தப் பொய்தான் இரண்டு மீனைக் கொன்றது. அந்தப் பாவம் எனக்கும் உண்டு.

மணியம் மாஸ்டர் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. ஒரே ஒரு முறை வந்து, வாசலில் நின்றே பேசினார். வால் கிழிந்த இரண்டு மீனைக் கொண்டுவந்து, "பூனை பிராண்டிருச்சுக்கா" என்றார். பூனை இல்லை, அழுக்கு. இரண்டு மாதமாகத் தண்ணீரே மாற்றவில்லை. இவர்தான் எனக்குப் பாடம் நடத்துகிற ஆள்!

துரைசாணியின் மிச்ச மீன் ஐந்தையும் காப்பாற்றலாம். தொட்டி கணப்படுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். சாயங்காலம் நெருப்புப் போட்டால் தண்ணீர் சூடாகி, விடிவதற்குள் சில்லிட்டுவிடும். இடம் மாற்றச் சொல்லுங்கள் என்று மாரியம்மாவிடம் கெஞ்சினேன். "நான் பாத்திரம் களுவுற ஆளு லா, நான் சொன்னா துரைசாணி கேப்பாங்களா?" என்கிறார். ஸ்டாஃப் வீட்டுப் பெண் கூப்பிடாமல் பங்களா படி ஏற முடியாது, உங்களுக்கே தெரியும். நீங்கள் எழுதினால்தான் ஆகும். எழுதுங்கள்.

குணவதி


கோலாலம்பூர்
14-4-1978

குணவதிக்கு,

இன்று சித்திரைப் பிறப்பு. விடுதியில் பாயசம் போட்டார்கள். சாப்பிடப் பிடிக்கவில்லை.

மணியம் மாஸ்டரிடமிருந்து பதில் வந்தது. "ஐயா, நான் வளர்த்த பன்னிரண்டு மீனில் பத்தைக் கொன்றவன். மிச்சம் இரண்டும் உயிரோடு இருப்பது அக்காவால். நான் அவருக்குச் சொல்லிக்கொடுப்பதாவது! தெர்மாமீட்டர் பள்ளிக்கூடச் சொத்து, வேலை முடிந்ததும் திருப்பித் தரச் சொல்லுங்கள்" என்று எழுதியிருக்கிறார். என்னைக் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் தேவலை.

ஆக, யாரும் இல்லை. எல்லாம் நீதான். இதைப் படித்ததும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவ்வளவுதான் சொல்வேன்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். துரை எழுதியிருக்கிறார், துரைசாணிக்கு என் மேல் கோபம் என்று. பெரிய டிரெஸர் வேலைக்குத் துரையின் கையெழுத்து வேண்டும். மீனையே கொன்றவனிடம் ஆளை எப்படி ஒப்படைப்பது என்று ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி சிரித்தாராம். நான் அந்த மருந்தை எழுதியது, அது நம் வீட்டில் பலித்தது என்று நீ எழுதியதால்தானே? அதை அப்படியே துரைசாணிக்கு எழுதிக் கொடு. நீ பொய் சொன்னதாக உன் கையால் எழுதி, எனக்கு அனுப்பு. நான் முறைப்படி பங்களாவுக்கு அனுப்புகிறேன். நான் கேட்பது அநியாயம் இல்லை, நடந்ததைத்தான் கேட்கிறேன்.

திருச்செல்வம்


பிரிஞ்சாங்
20-4-1978

அத்தான் அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட கடிதம் இதனுடன் இருக்கிறது. ஒட்டவில்லை. படித்துவிட்டு அனுப்புங்கள். நான் பொய் சொன்னேன் என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன். என்ன பொய் என்று சொல்ல வேண்டுமானால், உண்மையில் என்ன செய்தேன் என்பதையும் எழுத வேண்டியிருந்தது. கணப்படுப்பைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். அந்த மீன்களுக்காகவாவது இன்றே தபாலில் சேருங்கள்.

இனி உங்களுக்கு மட்டும். எனக்குக் கோபம் வந்தது மணியம் மாஸ்டரைச் சொல்லிச் சந்தேகப்பட்டதற்காக மட்டும் இல்லை. புருஷன் தூரத்தில் இருந்தால் மனம் அலையும், அதைக்கூட நான் மன்னிப்பேன். போனால் போகிறது, ஆசையில் வந்தது என்று சிரித்துக்கூட இருப்பேன். ஆனால் எனக்கு ஒன்று தெரிகிறது என்றால் பின்னால் ஒரு ஆம்பிளை இருக்க வேண்டும் என்று நினைத்தீர்கள் பாருங்கள், அது. அப்படி யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு அது உங்களுக்கு இன்னும் கசந்தது பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. பதினாலு வருஷமாக உங்கள் ஆஸ்பத்திரிக் கதையை ஒரு நாள் விடாமல் கேட்டு, "நீங்க கெட்டிக்காரருங்க" என்று சொன்னவள் நான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எனக்கு அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை.

தொட்டியை விற்கவில்லை. விற்க மாட்டேன்.

திலகம் எட்டாம் வாய்ப்பாட்டைத் தாண்டிவிட்டாள்.

குணவதி


கோலாலம்பூர்
12-5-1978

குணவதிக்கு,

எழுத வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை 24-ஆம் தேதி பங்களாவுக்கு அனுப்பினேன். துரைசாணியின் பதில் மே ஒன்றாம் தேதியே என் கைக்கு வந்துவிட்டது. அது எனக்கு எழுதப்பட்ட கடிதம், ஆனால் உனக்கு உரியது. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "உங்கள் மனைவியின் கடிதத்தை நானும் துரையும் படித்தோம். தன் பொய்யை இவ்வளவு நேராக எழுதுகிறவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் தொட்டியைக் கண்ணால் பார்க்காமலே நோயின் காரணத்தைச் சொல்லிவிட்டார். இடத்தை மாற்றிவிட்டோம். ஆனால் புள்ளி போகவில்லை. ஐந்து மீன் இருக்கின்றன. அவரைப் பங்களாவுக்கு அழைக்க உங்கள் சம்மதம் வேண்டும். சீக்கிரம் தெரிவியுங்கள்."

பதினோரு நாள் அதைப் பெட்டியில் வைத்திருந்தேன். தொலையவில்லை, மறக்கவும் இல்லை. தினமும் எடுத்துப் படித்தேன், தினமும் மடித்து வைத்தேன். துரைசாணி எனக்கு ஒரு நாளும் இப்படி எழுதியதில்லை. அவர்கள் பிள்ளைக்கு டைபாய்டு வந்தபோது ஒன்பது நாள் கண்விழித்தவன் நான். ஒரு 'தேங்க் யூ'வோடு அனுப்பிவிட்டார்கள். நீ ஒரு கடிதம் எழுதினாய், பங்களாக் கதவு திறந்துவிட்டது. எனக்குப் பொறாமை, குணவதி. வேறு பெயர் வைத்துப் பார்த்தேன். மானம் என்றேன், அக்கறை என்றேன். ஒன்றும் ஒட்டவில்லை. பெண்டாட்டிமேல் பொறாமைப்படுகிற புருஷனை நான் கேள்விப்பட்டதே இல்லை. அது நானாக இருக்கிறேன்.

நீ துரைசாணிக்கு எழுதியதை அனுப்புவதற்கு முன் நானும் படித்தேன். எது முதலில் தெரிந்தது, எதை விலக்கினாய், ஏன் விலக்கினாய் என்று நீ எழுதியிருந்த விதம் இருக்கிறதே, அதைத்தான் இங்கே ஆறு மாதம் எங்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நீ கெட்டிக்காரி. இதை எழுதி முடிக்க எனக்கு மூன்று காகிதம் ஆயிற்று.

சம்மதம் என்று துரைசாணிக்கும் இன்று எழுதிவிட்டேன். மீன்கள் என்ன ஆயின என்று தெரியவில்லை. பொறாமை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது.

திருச்செல்வம்


பிரிஞ்சாங்
19-5-1978

அத்தானுக்கு,

செவ்வாய்க்கிழமை துரைசாணி கார் அனுப்பினார். போனேன். தொட்டியில் ஒரு மீன்தான் இருந்தது.

நான் கோபித்துக்கொண்டு வராமல் இருக்கிறேன் என்று நினைத்தாராம். "என்மேல என்ன கோபம் உங்களுக்கு? இத்தனை நாள் கழிச்சு வர்றீங்களே" என்றார். மாரியம்மா கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டே, "தபால் லேட்டாயிருச்சும்மா, மலைப்பாதையில மண் சரிஞ்சு" என்றேன். அவர் நம்பினாரோ இல்லையோ, மேற்கொண்டு கேட்கவில்லை. பிழைத்திருந்த அந்த ஒன்றையும் உப்பும் சூடுமாக மூன்று நாள் போராடிப் பார்த்தேன். இன்று காலை தீனி எடுத்தது. இனிப் பயமில்லை.

துரை உங்கள் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று பெரிய கிராணி சொல்லி அனுப்பினார். சந்தோஷம். டைபாய்டுக்கு நீங்கள் கண்விழித்ததை நான் துரைசாணியிடம் ஞாபகப்படுத்தினேன். அவர் தலை குனிந்துகொண்டார். அது பொய் இல்லை என்பதால் சொன்னேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைக்காக நான் பதினாலு வருஷம் காத்திருந்தேன். வந்துவிட்டது. அதைப் படித்து அழுதேன், திலகம் பயந்துவிட்டாள். ஆனால் அதே கடிதத்தில் நாலு மீன் செத்துக் கிடக்கின்றன, அத்தான். அந்த வார்த்தையை மட்டும் தனியாகக் கிழித்து வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

மண் சரிந்தது என்று சொன்னது, உங்களுக்காக நான் சொன்ன பொய்களில் கடைசி. நினைத்து நினைத்துப் பார்த்து எழுதுகிறேன்.

ஆகஸ்ட் நடுவில் பயிற்சி முடிகிறது. தொட்டி ஹாலில்தான் இருக்கும். திரிங்காப்பிலிருந்தும் கோலா தெர்லாவிலிருந்தும் ஆட்கள் போத்தலோடு வருவார்கள், என்னைத்தான் கேட்பார்கள். பொறாமையோடு வந்தாலும் வாருங்கள், அதோடு ஒரு வீட்டில் இருந்து பார்க்கலாம். என்னால் முடியும் என்றுதான் நினைக்கிறேன். உங்களால் முடியுமா என்று எழுதுங்கள். முடியாது என்றால், ஏன் வரவில்லை என்று ஊரில் கேட்பார்கள். அப்போது உள்ளதைத்தான் சொல்வேன்.

குணவதி